அமெரிக்காவில் பழைய கார் வாங்குவது: அமெரிக்க வண்டியா, ஜப்பான் வண்டியா?

அமெரிக்கா வந்து இறங்கிய ஒரு வாரத்துக்குள் யாராவது உங்களிடம் இதைச் சொல்லியிருப்பார்கள்: "கண்ணை மூடிக்கிட்டு டொயோட்டா, இல்ல ஹோண்டா எடுத்துடுங்க. அமெரிக்கன் வண்டி பக்கமே போகாதீங்க."

எனக்கும் சொன்னார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஓஹையோ மாநிலம் கொலம்பஸில், பனி கொட்டத் தொடங்கிய ஒரு நவம்பரில், சாலையோர டீலர் ஒருவரிடம் நல்ல ஜப்பான் பெயர் கொண்ட ஒரு வண்டியை வாங்கினேன். 1 லட்சத்து 30 ஆயிரம் மைல் ஓடியிருந்தது. "இந்த பிராண்டுக்கு இதெல்லாம் ஒரு ஓட்டமா?" என்று கூட வந்த நண்பர் தைரியம் கொடுத்தார். நான்காம் நாள் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டினார். துரு செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்தது. வண்டிக்குக் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு பழுதுபார்ப்புக்கே போயிற்று.

தப்பு பிராண்டில் இல்லை. பன்னிரண்டு பனிக்காலம் ஓஹையோ சாலை உப்பில் ஊறிய எந்த வண்டியும் அப்படித்தான் இருக்கும். எனக்குக் கிடைத்த அறிவுரையில் டொயோட்டா, ஹோண்டா என்பது பெரும்பாலும் சரி. கண்ணை மூடிக்கொள்வதுதான் வினை.

ஆறாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் டாலர் வரை கையில் வைத்துக்கொண்டு முதல் பழைய கார் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது வண்டி வாங்குபவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

1. ‘அமெரிக்க கார்’ எது என்று முதலில் பாருங்கள்

அமெரிக்க வண்டிகளுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியபோது, டெட்ராய்ட் நகரத்து அமெரிக்க கார் நிறுவனங்களிடம் நல்ல சின்ன வண்டி இல்லை. அவசரமாகச் செய்து வைத்திருந்த செவர்லே வேகா துருப்பிடித்தது, அதன் அலுமினிய எஞ்சின் சூடேறி மக்கர் செய்தது. ஃபோர்டு பின்டோ, பின்னால் இடித்தால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் விவகாரத்தில் சிக்கியது. அந்த இடைவெளியில்தான் ஜப்பான் வண்டிகள் நுழைந்தன. 1981இல் ஜப்பான் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், ஜப்பான் நிறுவனங்கள் இங்கேயே ஆலை கட்டும் வேகம் கூடியது. ஹோண்டா 1982இல் ஓஹையோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டு செய்யத் தொடங்கியது. நிசான் 1983இல் டென்னசியின் ஸ்மிர்னாவுக்கு வந்தது. டொயோட்டா கேம்ரி 1988 முதல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் தயாராகிறது. கொலம்பஸ் பக்கம் டப்ளினில் குடியிருக்கும் நம்மவர்கள் 33ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே கொஞ்ச நேரம் ஓட்டினாலே மேரிஸ்வில் வந்துவிடும். அங்கே செய்த அக்கார்டைத்தான் ‘இறக்குமதி வண்டி’ என்று ஊரெல்லாம் சொல்கிறோம்.

ஒரு வண்டி எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ள, முன் கண்ணாடியில் ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையை வெளியிலிருந்து பாருங்கள். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண் இருக்கும். அதன் முதல் எழுத்தே ஊரைச் சொல்லிவிடும். 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, ‘ஜே’ ஜப்பான், ‘கே’ கொரியா, ‘டபிள்யூ’ ஜெர்மனி. பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு: ‘ஜே’ 2018, ‘கே’ 2019, ‘எல்’ 2020, ‘எம்’ 2021, ‘என்’ 2022.

ஒரு சனிக்கிழமை டீலர் முற்றத்தில் நடந்து இதை மட்டும் படித்துப் பாருங்கள், நல்ல வேடிக்கையாக இருக்கும். கேம்ரி 4இல் தொடங்கும். தென் கரோலைனாவில் செய்யப்படும் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வண்டி 5இல் தொடங்கும். அசல் அமெரிக்கன் என்று நினைத்த செவர்லே டிராக்ஸ் கொரியாவின் ‘கே’யோடு நிற்கும். ப்யூக் என்விஷனில் சீனாவின் ‘எல்’ இருக்கும்.

என்னோடு வேலைபார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன் இப்படித்தான் ஒரு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் முன்னால் நின்று எனக்குப் போன் செய்தான். "அண்ணா, எம்-ஏ-ஜேன்னு ஆரம்பிக்குதுங்ணா. எந்த நாடுங்ணா அது?" நம்ம நாடுதான். அமெரிக்காவில் 2018 முதல் 2022 மாடல் வரை விற்ற ஈகோஸ்போர்ட்கள் சென்னையை அடுத்த மறைமலை நகரில் செய்து கப்பலில் வந்தவை. "என்னங்ணா சொல்றீங்க, செங்கல்பட்டு ரோட்டுல செஞ்ச வண்டியா!" என்று அவன் போட்ட சத்தத்தில் டீலர் ஓடி வந்திருப்பார் போல. அமெரிக்க பிராண்டு, ஆனால் இறக்குமதி. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆண்டு: இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். பழைய காரில் பெரிய செலவு வைப்பது எஞ்சினும் கியர்பாக்ஸும்தான். ஒரே பெயருள்ள வண்டியில் ஒரு எஞ்சின் தங்கமாகவும் இன்னொன்று தலைவலியாகவும் இருக்கும்.

அந்த ஈகோஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு எஞ்சின்கள். 1 லிட்டர் டர்போவில் ஆயில் பம்பைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடுகிறது. அந்த பெல்ட்டும் அதன் டென்ஷனரும் கெட்டால் ஆயில் அழுத்தம் போய் எஞ்சினே நின்றுவிடும். இதற்காக ரீகால் வந்தது, அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலில் வந்த 2 லிட்டர் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெயரும் ஆலையும் ஒன்றுதான், விதி வேறு. தம்பி கடைசியில் 2 லிட்டர் வண்டியாகத் தேடி எடுத்தான்.

அமெரிக்கப் பெயர்களில் நான் தவிர்க்கச் சொல்வதில் முதல் இடம் 2012 முதல் 2016 வரையிலான ஃபோர்டு ஃபோகஸ், 2011 முதல் 2016 வரையிலான ஃபியெஸ்டா ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக்குக்கு. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நகரும்போது உதறும், வழக்கு வரை போன விஷயம். அதே ஃபோகஸ் மேனுவல் கியரில் கிடைத்து, உங்களுக்கும் கிளட்ச் பழகியிருந்தால் நிம்மதியாக வாங்கலாம். ஊரில் ஓட்டிப் பழகிய நமக்கு இது ஒரு சின்ன லாபம், இங்கே பலருக்கு மேனுவல் ஓட்டத் தெரியாததால் விலையும் படியும். 2010 முதல் 2013 வரையிலான செவர்லே ஈக்வினாக்ஸின் 2.4 லிட்டர் எஞ்சின் ஆயில் குடிக்கும்.

ஜப்பான், கொரியப் பெயர்கள் மட்டும் என்ன? 2007 முதல் 2009 வரையிலான கேம்ரியின் 2.4 லிட்டர் எஞ்சினும் ஆயில் குடிப்பதற்குப் பேர் போனது. 2013 முதல் சில ஆண்டுகள் வந்த நிசான் ஆல்டிமா, சென்ட்ரா, ரோக் வண்டிகளில் உள்ள சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் பற்றி எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுப் பாருங்கள், முதலில் ஒரு பெருமூச்சு வரும். ஹூண்டாய், கியாவில் 2011 முதல் 2019 வரையிலான பல வண்டிகளின் 2.0, 2.4 லிட்டர் எஞ்சின்கள் பேரிங் தேய்ந்து பழுதாகி, வழக்குக்குப் பிறகு நிறுவனம் நீண்ட உத்தரவாதம் கொடுக்க வேண்டிவந்தது. அதே காலத்து, சாவி போட்டுத் திருகும் மாடல்கள் பலவற்றில் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர் இல்லாததால் திருடு போவது அதிகமாகி, சில ஊர்களில் இன்சூரன்ஸ் கிடைப்பதே பாடாகிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெரியவர்கள் ஓட்டும் ப்யூக் லெசேபர் போன்ற வண்டிகளில் இருந்த 3.8 லிட்டர் வி6 எஞ்சின், பிளாஸ்டிக் கூலன்ட் பாகங்களை ஒருமுறை மாற்றிவிட்டால் சலிக்காமல் ஓடும். 2011 வரை வந்த ஃபோர்டு கிரௌன் விக்டோரியாவை போலீசும் டாக்சிக்காரர்களும் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் குடிக்கும், நிறுத்த இடம் பெரிதாக வேண்டும், ஆனால் வழியில் நிற்காது. ஃபோர்டு ஃபியூஷன் ஹைப்ரிட் என் சொந்தச் சிபாரிசு. மெக்சிகோவில் செய்தது, டாக்சியாக லட்சக்கணக்கில் மைல் ஓடியது, அதே வயது கேம்ரி ஹைப்ரிட்டைவிட விலை குறைவு.

3. பெயருக்குக் கொடுக்கும் விலையைக் கணக்கு போடுங்கள்

இந்தப் பாடத்துக்கு கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையைவிட நல்ல உதாரணம் இல்லை. 1984இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் அதை நடத்தத் தொடங்கின. ஒரே கன்வேயரில் டொயோட்டா கரோலாவும் செவர்லே பிரிசமும் வந்தன. எஞ்சின், கியர்பாக்ஸ், தொழிலாளி, எல்லாம் ஒன்று. முகப்பில் ஒட்டும் சின்னம் மட்டும் வேறு. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் பிரிசம் எப்போதும் கரோலாவுக்கு ஒரு படி கீழேதான். பின்னாளில் அங்கே செய்த போன்டியாக் வைபும் அப்படித்தான், மூடியைத் திறந்தால் உள்ளே டொயோட்டா எஞ்சின். 2010இல் டொயோட்டா ஆக்ஸிலரேட்டர் பெடலுக்காக ரீகால் செய்தபோது, 2009, 2010 வைப்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. குறையைக்கூடப் பங்கிட்டுக்கொண்ட உடன்பிறப்புகள். (அந்த ஆலை 2010இல் மூடப்பட்டது, இப்போது அங்கே டெஸ்லா ஓடுகிறது.)

அதனால் ஒரே ஆண்டு, ஒரே மைல் உள்ள கேம்ரி ஒன்றையும் செவர்லே மாலிபு ஒன்றையும் பழைய வண்டி விலை காட்டும் கெல்லி புளூ புக், எட்மண்ட்ஸ் இணையதளங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பாருங்கள். வித்தியாசம் சில ஆயிரம் டாலர் வந்தால், கேம்ரியின் விலைக்கே இரண்டு மூன்று ஆண்டு புதிய, பாதி மைல் ஓடிய மாலிபு கிடைக்குமா என்று தேடுங்கள். கையில் எட்டாயிரம் இருப்பவருக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் மைல் ஓடிய கேம்ரியும் 75 ஆயிரம் மைல் ஓடிய மாலிபுவும் ஒரே விலையில் கிடைத்தால், நான் மாலிபுவைப் பார்க்கத்தான் முதலில் போவேன். நாலைந்து வருடம் கழித்து விற்கும்போது கேம்ரிக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது உண்மை. படிக்க வந்து இரண்டு வருடத்தில் வேறு ஊர் போகப் போகிறவர் அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

தரவரிசைகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று வயது வண்டிகளை எடுத்து, 100 வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுகிறது. போன் புளூடூத்தில் இணையவில்லை என்பதும் அதில் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. 2009இல் அந்தப் பட்டியலில் ப்யூக்கும் ஜாகுவாரும் சேர்ந்து முதலிடம் பிடித்தன. பழைய ஜாகுவாருக்கு ரிப்பேர் பில் கட்டிய யாரையாவது தெரிந்தால் அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை தன் சந்தாதாரர்களிடம் கேட்டுத் தொகுப்பது பழைய வண்டிக்கு இன்னும் உதவும். மாடல் ஆண்டுவாரியாக, எஞ்சின், கியர்பாக்ஸ் என்று பிரித்துக் கொடுப்பார்கள். பொது நூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதில் லெக்ஸஸும் டொயோட்டாவும் வழக்கமாக மேலே இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

இன்னொன்று: அடிக்கடி கெடுவது வேறு, கெட்டால் ஆகும் செலவு வேறு. செவர்லே, ஃபோர்டு பாகங்கள் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். பதினைந்தாயிரத்துக்கு பிஎம்டபிள்யூ கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர்களுக்கு: வாங்கும் விலை குறைந்திருக்கும், பாகத்தின் விலை குறையவே குறையாது.

4. வண்டியைப் பார்க்கப் போகுமுன் வின் எண்ணை வாங்கிவிடுங்கள்

விற்பவரிடம் குறுஞ்செய்தியில் வின் கேளுங்கள். தயங்கினால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். அந்த எண்ணை மத்திய அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் (nhtsa.gov) போட்டால், இன்னும் சரிசெய்யாத ரீகால் எவை என்று காட்டும். மிகப் பழைய வண்டியாக இல்லாவிட்டால், ரீகால் வேலைக்கு அந்த பிராண்டு டீலர் பணம் வாங்கக் கூடாது. குறிப்பாக டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ரீகாலைப் பாருங்கள். வெடித்தால் உலோகத் துண்டுகள் சிதறும் அந்த ஏர்பேக்குகள் ஜப்பான், அமெரிக்கா, ஜெர்மனி என்று பார்க்காமல் பல பிராண்டுகளிலும் இருந்தன. மாற்றாத பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

பிறகு கார்ஃபேக்ஸ் அல்லது ஆட்டோசெக் அறிக்கை. விபத்து, எந்தெந்த மாநிலங்களில் பதிவாகியிருந்தது, ஓடோமீட்டர் எண்கள். அதில் ஒன்றும் இல்லை என்பதால் விபத்தே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. காப்பீட்டுக்குப் போகாத இடி அதில் ஏறாமல் போகலாம். டைட்டில் ‘க்ளீன்’ ஆக இருக்கட்டும். ‘சால்வேஜ்’ (பெரிய சேதத்தால் ஒதுக்கப்பட்டது), ‘ரீபில்ட்’ (அப்படி ஒதுக்கியதைச் சரிசெய்தது), ‘ஃப்ளட்’ (வெள்ளத்தில் மூழ்கியது) என்றால் முதல் வண்டிக்கு வேண்டாம். (டைட்டில் என்பது நம்மூர் ஆர்சி புக் மாதிரி. ‘மைலேஜ்’ என்று இவர்கள் கேட்பது லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று இல்லை, இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று. முதல் மாதம் நான் இதில் குழம்பினேன்.)

5. நேரில்

பகலில் போங்கள். "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நான் வந்து பண்றேன்" என்று முன்பே சொல்லுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடிய சூடு இருந்தால் ஏதோ சத்தத்தை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் பத்து விநாடியில் போடும் சத்தத்தைப் பிறகு கேட்க முடியாது.

வண்டியின் கணினி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இருபது டாலர் சொச்சம். 1996 முதல் வந்த எல்லா பெட்ரோல் காரிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே அதைச் செருகும் இடம் உண்டு. நான் ஏமாந்தது இங்கேதான். என் வண்டியில் செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை, அதனால் சரி என்று நினைத்தேன். விற்பதற்கு முன்னால் அந்தக் குறியீட்டை அழித்திருந்தார்கள். அழித்தால் விளக்கு அணையும், ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்து வைத்திருக்கும் பதிவுகளான ‘ரெடினஸ் மானிட்டர்’களும் சேர்ந்து அழிந்துவிடும், அவை மறுபடி தயாராகச் சில நாள் ஓட்டம் வேண்டும். ஆகவே குறியீடு ஒன்றும் இல்லை, அதேசமயம் பல மானிட்டர்கள் ‘நாட் ரெடி’ என்று ஸ்கேனர் காட்டினால், நேற்றோ இன்றோ யாரோ துடைத்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். "நூறு மைல் ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கள், வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஓஹையோ, மிச்சிகன், நியூயார்க் போன்ற உப்புத் தூவும் மாநிலங்களில் குனிந்து அடியைப் பாருங்கள். மேலே படிந்த செம்பழுப்பு சாதாரணம். தட்டினால் உதிர்வதும், பிரேக் குழாயில் கொப்புளம் போல் வீங்கியிருப்பதும் ஆபத்து. டெக்சாஸ், அரிசோனாவில் இந்தக் கவலை குறைவு; அங்கே ரப்பரும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும். டயர் பக்கவாட்டில் ‘DOT’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் டயர் பிறந்த வாரமும் ஆண்டும்: 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம்.

ஓட்டிப் பார்க்கும்போது நெடுஞ்சாலையில் ஏறுங்கள். கியர் மாறும் இடத்தில் உதறலோ தயக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோவை நீங்களே அணைத்துவிடுங்கள்.

6. சொந்தமாக ஒரு மெக்கானிக்

எந்த பிராண்டானாலும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் தூக்கி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு, இருநூறு டாலர் ஆகும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள். டீலர் வண்டியின் ஜன்னலில் ‘பையர்ஸ் கைடு’ என்ற தாள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் ‘ஆஸ் ஈஸ்’ கட்டத்தில் குறி இருந்தால், கேட்டைத் தாண்டியதும் எல்லாப் பழுதும் உங்களுடையது. வாயால் சொன்ன உறுதி எதுவும் அந்தத் தாளுக்கு முன் நிற்காது. என் தாளிலும் அந்தக் குறி இருந்தது. நான் படிக்கவில்லை.

7. பணமும் காகிதமும்

பேரம் முடிக்குமுன் அதே வின் எண்ணுக்கு இன்சூரன்ஸ் விலை கேளுங்கள். இங்கே ஓட்டிய வரலாறு இல்லாத புதியவர்களுக்கு அது அதிர்ச்சி தரும் தொகையாக இருக்கலாம். தனி நபரிடம் வாங்கினால் கேஷியர்ஸ் செக் (வங்கியே பொறுப்பேற்றுத் தரும் காசோலை) கொடுங்கள்; பெரிய தொகையை ரொக்கமாகத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத வீட்டுக்குப் போக வேண்டாம், வங்கி வளாகத்திலேயே சந்திக்கச் சொல்லுங்கள். டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் ஓட்டுநர் உரிமமும் ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கடன் பாக்கி அதில் பதிவாகியிருந்தால், அடைத்ததற்கான காகிதம் வேண்டும். ஓஹையோவில் விற்பவர் கையெழுத்தை நோட்டரி முன்னால் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக் கொண்டுவந்தால் டைட்டில் அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வொரு மாநிலத்திலும் நடைமுறை கொஞ்சம் மாறும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு முதல் மூன்று மாதம், இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். சமமான தரையில், எஞ்சின் ஆறியபின், துடைத்து மறுபடி விட்டு எடுக்க வேண்டும். அளவையும் மைலையும் போனில் குறித்து வையுங்கள். 1,200 மைலுக்குள் ஒரு குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) குறைந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. அப்போது ஆயில் டப்பா ஒன்றை டிக்கியில் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த வார இறுதியில் மெக்கானிக்கிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.